நீலக் கதவுக்குள் வாக்குப்பெட்டி

முத்திரை வைத்த வாக்குப்பெட்டி ஒன்றை நான் ஒருமுறை கழிவறைக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அதுவும் ஒரு வேட்பாளருடைய அக்கா வீட்டுக் கழிவறைக்குள். புத்தளத்தில் இந்தக் கதை பலவிதமாக உலாவுகிறது. சிலர் சொல்லும் கதையில் நான் உள்ளே வைத்துப் பெட்டியைத் திறந்தேன். இன்னும் சிலர் சொல்வதில் பின்பக்கச் சுவரேறிக் குதித்தேன். (என் உடம்பைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.) நடந்ததை நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு நல்லது.

அதற்கு முன் என் சிறுநீர்ப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னிக்கவும். இந்தச் சொல்லை வெட்கப்படாமல் எழுதுவதற்கே எனக்குப் பல வருடம் பிடித்தது.

முப்பத்திரண்டு வயதில் தொடங்கிய வருத்தம் அது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போக வேண்டும். போகாவிட்டால் அடிவயிற்றில் தணல் வைத்ததுபோல எரியும். போனால் வருவதோ இரண்டு கரண்டி. அதன் பிறகும் எரியும். புத்தளத்தில் மூன்று டொக்டர்களிடம் காட்டினோம். தொற்று என்று மருந்து தந்தார்கள், பரிசோதனையில் தொற்று இல்லை. கல் என்றார்கள், ஸ்கேனில் கல் இல்லை. கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய டொக்டர் கமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். அந்த ஒரு வாரமும் நான் தூங்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளையும் யார் வளர்ப்பார்கள் என்பதுவரை மனதுக்குள் முடிவு செய்துவைத்திருந்தேன்.

"கட்டி ஒண்டும் இல்ல, பயப்பட வேணாம்" என்றார் டொக்டர்.

"அப்ப இது ஏன் டொக்டர் வருது?"

"காரணம் தெரியாது. இந்த வருத்தத்துக்குக் காரணம் யாருக்கும் சரியாத் தெரியாது. மருந்தால கட்டுப்படுத்தலாம்."

காரணம் தெரியாது என்றதும் எனக்கு எல்லாமே காரணமாகத் தெரியத் தொடங்கியது. தேத்தண்ணி, தக்காளி, தேசிக்காய், பச்சை மிளகாய், வெறும் தரை, இறுக்கமான காற்சட்டை, நிஸ்தாருடைய தம்பியின் கதை. (நிஸ்தார் என் கணவர். அவருடைய தம்பி பேசத் தொடங்கினால் மூன்று மணித்தியாலம். நடுவில் எழும்ப முடியாது.) தண்ணீர் குடிப்பதற்கே பயம். பஸ்ஸில் ஏறப் பயம். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை எந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்குத் தனியிடம் உண்டு, எந்தப் பெற்றோல் நிலையத்தின் பாத்ரூமுக்குக் கொண்டி உண்டு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. வாய்ப்பாட்டைவிட இது எனக்கு நன்றாக வரும்.

இந்த வருத்தம் நிஸ்தாரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பாடசாலையில் லீவுக் கடிதம் எழுதும்போதெல்லாம் தலையிடி என்றே எழுதினேன். எனக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு இருந்தது. அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மூளைக் கோளாறு மரியாதையான வருத்தம்.

இப்படியிருக்கும்போதுதான் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. கண்டக்குழியில் ஒரு வாக்கெடுப்பு நிலையத்துக்கு என்னைத் தலைமை அலுவலராகப் போட்டுக் கடிதம் வந்தது. நிஸ்தார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"மெடிக்கல் குடுங்க. உங்களால ஏலாது."

"மெடிக்கல்ல வருத்தத்திட பேர் இருக்குமே. அது அதிபர் கையால போகும். பிறகு கிளார்க் கையால. பிறகு ஊர் முழுக்க."

"போகட்டுமே."

"உங்களுக்கென்ன, நீங்க ஆம்பள. ரோட்டோரத்தில நிண்டுட்டு வந்துருவீங்க."

மெடிக்கல் கொடுக்கவில்லை. அந்த வயதில் எனக்கு வருத்தத்தைவிட வெட்கம் பெரிது. புத்தி அந்த இரண்டையும்விடச் சிறிது.

பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி மேடையில் நின்று சொன்னார்: "பெட்டி உங்கட கையில இருந்து எண்ணுற இடத்துக்கு வந்து சேரும்வரைக்கும் நீங்கதான் பொறுப்பு. கண்ண எடுக்கக்கூடாது. ஏதும் நடந்தா சட்டம் உங்களத்தான் கேக்கும்." அதற்குப் பிறகு அவர் ஒரு மணித்தியாலம் பேசினார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. வெலிக்கடைச் சிறையில் பெண்கள் பகுதியில் பாத்ரூம் பக்கத்தில் இருக்குமா, தூரத்தில் இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேர்தல் நாள். முதல் நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிட்டேன். காலையில் மருந்து விழுங்க இரண்டு மிடறு மட்டும். (இப்படி நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை.) அல்லாஹ்வின் கிருபையால் நிலையம் இருந்த பாடசாலையில் பாத்ரூம் பத்து அடி தூரத்தில். பகல் முழுக்கப் போய்ப் போய் வந்தேன். என் உதவி அலுவலர் செல்வராசா, விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்கிறவர், மத்தியானம் என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மெடம், நீங்கள் நல்ல பக்தி. எத்தனை தரம் வுழூ எடுக்கிறீங்கள்."

தொழுகைக்காகக் கைகால் கழுவப் போகிறேன் என்று வந்த அந்த நற்பெயரைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நான்கு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. பெட்டியைப் பூட்டி, முத்திரை வைத்து, கடதாசிகளை எண்ணி எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. கட்சி முகவர்களும் தங்கள் முத்திரைகளை ஒட்டினார்கள். அவர்களில் ஹனீபா நானா என்பவர் கொஞ்சம் கடுமையான மனிதர். தாடியைத் தடவிக்கொண்டு, "டீச்சர், பெட்டி கவனம். பஸ்ஸுக்குப் பின்னால நாங்க மோட்டர் சைக்கிள்ல வருவம்" என்றார். வாழ்த்து மாதிரி இல்லை, எச்சரிக்கை மாதிரி இருந்தது.

பஸ் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. பெட்டி என் கையில். பாத்ரூம் பத்து அடியில். பெட்டியோடு போகலாமா, வைத்துவிட்டுப் போகலாமா என்று நான் யோசித்த அந்த ஒரு நிமிடத்தில் என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

பொறுப்பான பொலிஸ்காரர் சார்ஜன் பண்டார. சிலாபத்துப் பக்கம். தமிழ் பேசுவார், ஆனால் இடையிடையே சிங்களம் வந்து விழும். முன் ஆசனத்தில் துவக்கோடு உட்கார்ந்திருந்தார். அடுத்து பள்ளிவாசல்துறையில் இன்னொரு பெட்டி ஏற்ற பஸ் பத்து நிமிடம் நின்றது. அங்கே இறங்கியிருக்கலாம். ஆனால் அந்த நிலையத்துக்குப் பொறுப்பாக நின்றவர் எனக்குப் படிப்பித்த அதிபர். அவருக்கு முன்னால் எப்படிக் கேட்பது? பல்லைக் கடித்துக்கொண்டு ஸலாம் மட்டும் சொன்னேன்.

பள்ளிவாசல்துறை தாண்டி ஒரு கிலோமீட்டரில் தணல் பற்றியது.

அந்தப் பாதையில் இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம், பீட்ரூட் தோட்டம். பின்னேரத்தில் எல்லாத் தோட்டத்திலும் தண்ணீர் விசிறுகிற குழாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இடது பக்கம் பார்த்தால் ச்ஸ்ஸ் என்று தண்ணீர். வலது பக்கம் பார்த்தால் ச்ஸ்ஸ் என்று தண்ணீர். கண்ணை மூடினால் சத்தம் கேட்டது. பஸ் ஒவ்வொரு குழியில் விழும்போதும் நான் குர்ஆனில் ஓர் ஆயத்தைத் தொடங்கி, பாதியில் மறந்து, மீண்டும் தொடங்கினேன்.

மடியில் பெட்டி. இப்போதெல்லாம் வாக்குப்பெட்டி மரப்பெட்டி அல்ல, அட்டைப்பெட்டி. அதுதான் என்னைக் கொன்றது. இந்த ஆசனத்தில் ஏதாவது நடந்துவிட்டால் அட்டை நனையும். அட்டை நனைந்தால் உள்ளே இருக்கிற சீட்டு நனையும். கண்டக்குழி மக்களின் வாக்கு செல்லாது. மறுபடி தேர்தல். ஏன் மறுபடி தேர்தல் என்று செய்தியில் சொல்லுவார்கள். என் படத்தோடு சொல்லுவார்கள். என் மகள் அதைப் பார்ப்பாள். வியர்த்துக் கொட்டியது. முழங்காலை ஆட்டி ஆட்டி உட்கார்ந்திருந்ததில் பெட்டி மடியில் டக் டக் என்று அடித்தது.

செல்வராசா பார்த்துவிட்டார். "மெடம், சுகமில்லையோ?"

"சார்ஜன்ட்ட சொல்லி பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லுங்க."

"ஏன் மெடம்?"

"சொல்லுங்க!"

சார்ஜன் திரும்பினார். "அனே மெடம், பஸ் நிப்பாட்ட பேஹே, ஏலாது. எனக்கு ஓடர் இருக்கு."

நான் எழும்பி நின்றேன். நின்றது பிழை. நின்றதும் நிலைமை இன்னும் மோசமாகியது. ஐம்பது பேர் இருக்கிற பஸ்ஸில் என் வாயிலிருந்து அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"சார்ஜன், எனக்கு ஒண்டுக்கு வருது! இப்ப நிப்பாட்டல்லயெண்டா பஸ்ஸுக்குள்ளயே போயிரும்!"

சாரதி ஓடருக்குக் காத்திருக்கவில்லை. பிரேக்கில் ஏறி நின்றார்.

வீதியோரத்தில் ஒரு வீடு. முற்றத்தின் மூலையில் தனியாக ஒரு பாத்ரூம், நீலக் கதவு. நான் இறங்கி ஓடினேன். "பெட்டியத் தாங்கோ மெடம், நான் வச்சிருக்கிறன்" என்று செல்வராசா கையை நீட்டியபடி பின்னால் ஓடிவந்தார். தங்கமான மனிதர். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவருடைய முகம் சதிகாரன் முகமாகத் தெரிந்தது. "தொடாதீங்க!" என்று கத்தினேன். எங்கள் இருவருக்கும் பின்னால் துவக்கோடு சார்ஜன்.

முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், ஐம்பது வயதிருக்கும், ஒரு பெண்ணும் பெட்டியும் பொலிஸும் வருவதைக் கண்டு வாளியைக் கீழே போட்டார்.

"ராத்தா, ஒருக்கா பாத்ரூம்..." என்றேன். (ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா.)

"போங்க மகள், போங்க" என்று கதவை அவரே திறந்துவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நல்ல மனிதர்களுக்கு அதுதான் அடையாளம்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போனேன். சார்ஜன் கையை வைத்துத் தடுத்தார்.

"மெடம், கதவு பூட்ட வேணாம். பெட்டி எனக்குத் தெரியணும்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"ஓடர், மெடம்."

அந்த ராத்தா குறுக்கே வந்தார். "தம்பி, கதவப் பூட்டட்டும். நீங்க வெளிய நிண்டு கேளுங்க, அவங்க உள்ள இருந்து பதில் சொல்லுவாங்க. இதுக்கு மேல கதைச்சா அந்தப் புள்ள இங்கயே விழுந்துரும்."

"ஹரி, சரி" என்று சார்ஜன் கையை எடுத்தார்.

உள்ளே தரை ஈரம். அட்டைப்பெட்டியை எங்கே வைப்பது? வாளியைக் கவிழ்த்து அதன் மேல் பெட்டியை வைத்து, விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு குந்தினேன்.

"மெடம், பெட்டி இருக்கா?"

"இருக்கு!"

இரண்டு சொட்டு. எரிச்சல். நிற்கிறது. இந்த வருத்தம் உள்ளவர்களுக்குத் தெரியும், அவசரப்பட்டால் ஒன்றும் வராது.

"மெடம், பெட்டி இருக்கா?"

"இருக்கு சார்ஜன்!"

இன்னும் இரண்டு சொட்டு. அப்போதுதான் வெளியே மோட்டர் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு ஹனீபா நானாவின் குரல்.

"எங்க டீச்சர்? எங்க பெட்டி?"

"பாத்ரூமுக்குள்ள" என்றார் செல்வராசா.

"என்னது? இது யார்ட வீடு தெரியுமா உங்களுக்கு? சுயேச்சைக் குழுவில எலக்சன் கேக்கிறவர்ட ராத்தாட வீடு! ஜெஸீமா ராத்தாட வீடு! வேட்பாளர்ட வீட்டுக்குள்ள பெட்டியக் கொண்டுபோய் என்ன செய்றீங்க?"

எனக்கு அப்படியே நின்றுவிட்டது. சொட்டும் நின்றது, மூச்சும் நின்றது. நீலக் கதவின் உள்பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கிய துவாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வீடுகள் இருக்கிற வீதியில் நான் ஓடிப்போய் நுழைய அந்த ஒரு வீடுதானா கிடைத்தது? வெளியே சத்தம் கூடியது. கடைச் சந்தியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். "பெட்டிய மாத்துறாங்க!" என்று யாரோ சொன்னான். "வீடியோ எடு, வீடியோ எடு" என்று இன்னொருவன். கதவை உடைத்துக்கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். என் மனதில் வந்தது ஒரே ஒரு துஆ: யா அல்லாஹ், முதலில் என்னை உடுப்பைச் சரிசெய்ய விடு.

"மெடம், பெட்டி இருக்கா?" சார்ஜன் மட்டும் தன் கடமையில் மாறவில்லை.

"இருக்கு" என்றேன். அழுகைக் குரல்.

கதவைத் திறந்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். முப்பது நாற்பது பேர். பத்துப் பதினைந்து போன்கள் என்னைப் பார்த்தபடி. என் வருத்தத்தை ஒளித்துவைக்க நான் சொன்ன பொய்யெல்லாம் அந்த முற்றத்தில் முடிந்துபோனது.

ஜெஸீமா ராத்தா எனக்கு முன்னால் வந்து நின்றார். ஈரத் துணியொன்று இன்னும் கையில் இருந்தது.

"ஒரு பொம்பளப் புள்ள ஒண்டுக்குப் போனதப் படம் எடுக்கிறீங்களா? உங்கட வீட்ல உம்மா, ராத்தா யாரும் போறல்லயா? போன உள்ள வைங்கடா!"

போன்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. (எல்லாம் தாழவில்லை என்பது பிறகு தெரிந்தது.) ஹனீபா நானா மட்டும் விடவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு முத்திரையாகக் குனிந்து பார்த்தார். தன்னுடைய முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நிமிர்ந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. ஜெஸீமா ராத்தாவின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ராத்தா, நானும் ஒருக்கா உள்ள போய்ட்டு வரவா? காலையில இருந்து அடக்கிக்கொண்டு இருக்கன்."

அவர் வெளியே வந்ததும் செல்வராசா போனார். பிறகு சாரதி. பிறகு பஸ்ஸிலிருந்து என் பழைய அதிபர், தன் பெட்டியைத் தன் உதவியாளரின் கையில் கொடுத்துவிட்டு, சாவகாசமாக இறங்கி வந்தார். கடைசியில் சார்ஜன் பண்டார துவக்கை பஸ்ஸில் இருந்த மற்றப் பொலிஸ்காரரிடம் நீட்டினார். அந்த வீட்டு முற்றத்தில் வரிசை நின்றது. நடுவில் ஜெஸீமா ராத்தா எல்லாருக்கும் இஞ்சிப் பிளேன்டீ வேறு கொண்டுவந்தார். எனக்கு ஒரு கோப்பையை நீட்டியபோது நான் இரண்டு அடி பின்னால் போனேன்.

எண்ணும் நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது. வாசலிலேயே என்னை ஓர் உதவித் தெரிவத்தாட்சி அலுவலரின் மேசைக்குக் கூட்டிப்போனார்கள். இன்னொரு கட்சிக்காரர் முறைப்பாடு எழுத வேண்டும் என்று நின்றார். சாட்சிக்கு ஹனீபா நானாவைக் கூப்பிட்டார். ஹனீபா நானா முகட்டைப் பார்த்துக்கொண்டு, "நான் பாத்தன். முத்திரை எல்லாம் சரி. அங்க ஒண்டும் நடக்கல்ல" என்றார். வேட்பாளர் வீட்டுப் பாத்ரூமுக்குத் தானும் போனதை அவர் எப்படிச் சொல்லுவார்?

அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "பஸ்ஸ நிப்பாட்டின காரணத்த எழுதுங்க டீச்சர்."

பேனையைக் கையில் எடுத்தேன். தலையிடி என்று எழுதக் கை போனது. தலையிடிக்கு யாரும் பாத்ரூமுக்குப் பெட்டியோடு ஓடமாட்டார்கள். எழுதினேன்: "காரணம் தெரியாத சிறுநீர்ப்பை நோய்."

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"டீச்சர், நான் கேட்டது காரணம். நீங்க காரணம் தெரியாதுண்டு எழுதியிருக்கீங்க."

"அதுதான் சேர் காரணம்."

"எது?"

"காரணம் தெரியாதது."

மேலும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் எழும்பும்போது கேட்டார்: "சரி, பெட்டிய உங்கட உதவி அலுவலர்ட்ட, பொலிஸ் முன்னால குடுத்திட்டுப் போயிருக்கலாமே? வகுப்பில சொன்னமே."

பக்கத்தில் நின்ற செல்வராசா தரையைப் பார்த்தார். நானும் அதே தரையைப் பார்த்தேன்.

பெட்டியைத் திறந்து எண்ணினார்கள். ஜெஸீமா ராத்தாவின் தம்பியுடைய குழுவுக்கு அந்தப் பெட்டியில் கிடைத்தது ஒற்றை இலக்கத்தில். அதோடு முறைப்பாடும் முடிந்தது. "வீட்டுக்கே வந்த பெட்டியிலயும் எனக்கு வோட்டு இல்லையா?" என்று அவர் ராத்தாவோடு சண்டை பிடித்தாராம். ராத்தாதான் பிறகு எனக்குப் போனில் சொன்னார்.

என் பயம் அதோடு முடியவில்லை. தபால்காரரின் மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் விசாரணைக் கடிதம் என்று நெஞ்சு அடிக்கும். மாதக்கணக்கில் அடித்தது. கடிதம் வரவேயில்லை. வந்தது வேறு. பாடசாலையில் ஒவ்வொருவராக என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். ஒருவர் பார்லி அவித்துக் குடிக்கச் சொன்னார். ஒருவர் ஓதிப் பார்க்கச் சொன்னார். பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர், எனக்கும் அப்படித்தான். நான் யாருக்கும் சொல்லல்ல. அந்தக் கொழும்பு டொக்டர்ட நம்பர் இருக்கா?" என்று கேட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னும் இருவர்.

எங்கள் வீட்டில் நான் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்சம் தாமதித்தால் போதும். என் மகன் வெளியே விறைப்பாக நின்று, சிங்கள உச்சரிப்போடு, "மெடம், பெட்டி இருக்கா?" என்று கேட்பான். பதில் சொல்லாவிட்டால் விடமாட்டான். நிஸ்தாருடைய தம்பி வந்தால் இந்தக் கதையை மூன்று மணித்தியாலம் சொல்லுவார். நான் இப்போது நடுவில் எழும்பிப் போய்விடுகிறேன்.

வருத்தம் இன்னும் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. வெளியே புறப்படும்போது வருகிற பயமும் அப்படியே இருக்கிறது. போன மாதம் புத்தளத்தில் ஒரு கல்யாண வலீமா விருந்துக்குப் போயிருந்தேன். பெண்கள் பாத்ரூம் வாசலில் பெரிய வரிசை. அடிவயிறு எரியத் தொடங்கிவிட்டது. வரிசையின் கடைசியில் போய் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டேன். முன்னால் நின்ற ஓர் இளம் பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அவளை யாரென்றே தெரியாது.

"நீங்க பெட்டி டீச்சர்தானே?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் முன்பக்கம் பார்த்து, "பெட்டி டீச்சர் வந்திருக்காங்க, வழி விடுங்க!" என்று சத்தம் போட்டாள்.

பட்டும் சரிகையுமாக நின்ற அத்தனை பெண்களும் சுவரோடு ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான் ஒருவரையும் பார்க்காமல் ஓடிப்போய் முதலாவதாக உள்ளே நுழைந்துவிட்டேன்.